பரணில் அசையாமல் இருந்தவர்

ஹார்யு வீட்டுப் பின்வாசல் நிலைக்கால் அந்த வருடம் செப்டம்பரில் பளபளக்கத் தொடங்கியதை முதலில் கவனித்தவள் எதிர்வீட்டு ஐலி காங்காஸ்தான். அவள் சமையலறை ஜன்னலோரம் பறவை பார்ப்பதற்கென்று ஒரு பைனாகுலர் தொங்கும். அந்த ஜன்னலுக்கு நேரே பறவைகள் அதிகம் வருவதில்லை. ஹார்யு வீடுதான் இருக்கிறது, முன்வாசலும் பின்வாசலும் தெரியும்படி பக்கவாட்டாக.

முப்பத்தொரு வருடம் ஊர்த் தபால் நிலையத்தில் கடிதங்களைப் பெட்டி பெட்டியாகப் போட்டவள் ஐலி. தபால் அட்டையைப் படிப்பது அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதாகாது என்பது அவளுடைய கொள்கை. எழுதியவரே மூடாமல் அனுப்பியதை அவள் ஏன் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட வேண்டும்? ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கொள்கையை ஜன்னல்களுக்கும் நீட்டித்துக்கொண்டாள். திரை போடாத ஜன்னல் தபால் அட்டைதான்.

நிலைக்காலை மெருகேற்றியது ரெய்னோ ஹார்யுவின் முதுகு. எழுபத்து நான்கு வயது. முப்பத்து மூன்று வருடம் இந்தச் சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர். கோடையில் பித்தக்குழாயில் கட்டி என்றார்கள். குடலுக்குப் போகவேண்டிய பித்தம் வழியில்லாமல் இரத்தத்தில் ஏற, மனிதர் எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டார். அடைப்பை விலக்க வைத்த குழாயும் இரண்டு மாதத்தில் அடைத்துக்கொண்டது. இனி வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைக்கூட ரெய்னோ தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவரால் தாங்க முடியாமல் போனது அரிப்பு.

அது கொசு கடித்த அரிப்பு அல்ல. தோலுக்கு அடியில், விரல் எட்டாத ஆழத்தில், உள்ளங்கையிலும் பாதத்திலும் முதுகிலும் இரவும் பகலும் எறும்பு ஊர்ந்தது. நூடுல்ஸ் அள்ளும் பல் வைத்த கரண்டியை முதுகுக்கு எடுத்துக்கொண்டார். அது வளைந்ததும் குதிரைக்குப் போடும் இரும்புச் சீப்பை எங்கிருந்தோ கொண்டுவந்தார். மனைவி மார்லீன் அவர் நகத்தை ஒட்ட வெட்டி, படுக்கும்போது இரண்டு கையிலும் மான்தோல் கையுறை மாட்டிவிட்டாள். காலையில் பார்த்தால் கையுறை தரையிலும் இரத்தம் படுக்கைவிரிப்பிலும் இருக்கும். ஒவ்வாமை மாத்திரை கொடுத்தார்கள். வாய் வறண்டதுதான் மிச்சம். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஒரு தூள் கொடுத்தார்கள். மணலைக் குடித்த மாதிரி இருந்தது, அரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. பூசும் களிம்புகள் ஒரு அலமாரி நிறைய. சூடு பட்டால் அரிப்பு இரட்டிப்பாகும் என்பதால் எழுபது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் ஏறிய சவ்னா என்னும் நீராவிக் குளியல் அறைக்குள் ரெய்னோ ஆகஸ்டிலிருந்து கால் வைக்கவில்லை. அந்தப் புகைபோக்கியில் புகை வராததைப் பார்த்துத்தான் ஐலி முதல்முறையாக உள்ளுக்குள் பயந்தாள்.

ரெய்னோவுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சமிருந்தது. எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் ஐலிக்குத் தெரியும். நவம்பர் பதினைந்து, மான் வேட்டைப் பருவம் தொடங்கும் காலை. அவருடைய வயல் கோடியில், தேவதாரு மரங்கள் சேற்றில் இறங்கும் இடத்தில், அவரே கட்டிய பரண். அதில் கடைசியாக ஒரு தடவை உட்கார வேண்டும்.

பரணில் உட்காருவதற்கு வேறு எந்தத் திறமையும் வேண்டாம், அசையாமல் இருந்தால் போதும். அந்த ஒன்றுதான் அவரிடம் இல்லை. அக்டோபர் நடுவில் ஐலியின் கணவர் லெஸ்டர் அவரைச் சோதனைக்குக் கூட்டிப்போனார். ரெய்னோவும் லெஸ்டரும் ஐம்பது வருடம் ஒரே பரணில் தோளோடு தோள் உட்கார்ந்தவர்கள். அன்று பதினோராவது நிமிடத்தில் ரெய்னோ மரச்சுவரில் முதுகைத் தேய்க்க, மூன்று மான்கள் வாலைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கே ஓடிவிட்டன. வீட்டுக்கு வந்த லெஸ்டர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, "முடியாது போல," என்றார். லெஸ்டர் ஒரு நாளைக்குப் பேசுவதில் பாதி அது.

வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், டெனிஸ் புஷே வருவாள். கடைசிக்கால நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ். உயரமான பெண், சின்னக் கார், எந்தப் பனியிலும் நேரம் தவறாதவள். அக்டோபர் கடைசிச் செவ்வாயன்று அவள் வழக்கத்தைவிட நாற்பது நிமிடம் அதிகமாக ஹார்யு வீட்டில் இருந்ததை ஐலி குறித்துக்கொண்டாள். உள்ளே என்ன பேச்சு என்பது ஜன்னலில் தெரியாது. அதற்கு மறுநாள்தான் விடை கிடைத்தது.

புதன்கிழமை ஐலி இருபத்திரண்டு மைல் தள்ளியிருக்கும் டவுனுக்குச் சாமான் வாங்கப் போவாள். திரும்புகிற வழியில் மருந்துக்கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வரச்சொன்னாள் மார்லீன். பொட்டலத்தின் வெளியே மடித்துப் பின் குத்திய தாள் ஒன்று இருந்தது. உறைக்குள் இல்லை, வெளியே. தபால் அட்டை மாதிரி. ஐலி வண்டியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

இந்த மருந்து மனச்சோர்வுக்குத் தரப்படுவது, என்றிருந்தது. இதைச் சாப்பிடுபவர் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ள நினைக்கும் அறிகுறிகள் தெரிந்தால் வீட்டார் கவனமாக இருக்க வேண்டும், என்றும் இருந்தது.

ஐலி வாங்கிய ஐஸ்கிரீம் உருகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை மனம் உடைந்துபோனால் யாரும் நேரே போய் என்ன விஷயம் என்று கேட்பதில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பார், அதோடு கதவு சாத்திக்கொள்ளும். அதனால் பக்கத்துக்காரர் ஒருவர் போய், என் துப்பாக்கி மக்கர் பண்ணுகிறது, உன்னுடையதை இரவல் கொடு, என்பார். கொடுக்கிறவர் எதற்கென்று கேட்கமாட்டார். வாங்குகிறவர் சொல்லமாட்டார். வசந்தத்தில் பனி உருகியதும் துப்பாக்கி துடைத்து எண்ணெய் போட்டுத் திரும்பி வரும். அப்படி இரவல் போன துப்பாக்கிகளால் ஊரில் நாலைந்து பேர் இன்று உயிரோடு காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை ஒரு வீட்டுக்கு யாரும் கேட்கப் போகவில்லை. அந்த வீட்டைத் தாண்டும்போது ஐலி இன்றைக்கும் வண்டியின் வேகத்தைக் குறைப்பாள்.

காப்பி குடிக்கும் அந்த நாலைந்து பேரில் லெஸ்டரும் ஒருவர். வேலை பார்த்த சுரங்கம் மூடிய வருடம் அவருடைய துப்பாக்கியை ஒரு குளிர்காலம் முழுக்க இரவல் வாங்கி வைத்திருந்தவர் ரெய்னோ.

ஆகவே அன்று மாலை ஐலி விஷயத்தைச் சொன்னதும் லெஸ்டர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. முகம் மட்டும் தொங்கிப்போயிற்று. வெள்ளிக்கிழமை காலை ஹார்யு வீட்டுக்குப் போய், என் துப்பாக்கியின் குறிக்கண்ணாடி சரியில்லை, உன் துப்பாக்கியைக் கொடுடா என்றார். ரெய்னோ சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முதுகைச் சொறிந்துகொண்டே கொடுத்தார். வேறு எதுவும் தோன்றவில்லை அவருக்கு. இன்னொரு துப்பாக்கி இருந்தது.

ஐலி இதை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டே பேரிடம் சொன்னாள், அதுவும் ரகசியமாக. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வந்து அந்த இன்னொரு துப்பாக்கியை இரவல் கேட்டார். பாஸ்டர் வாழ்க்கையில் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. திங்களன்று ஒருவர் வந்து மீன் அரியும் கத்தியை வாங்கிப்போனார். உறைபனியில் துளை போட்டுத் தூண்டில் விட ஏரி இன்னும் உறையவில்லை, படகையெல்லாம் கவிழ்த்துப் போட்டாயிற்று, மீனுக்கு எங்கே போவார் என்று மார்லீன் யோசித்தாள். கூடவே இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்த பாஸ்டிகள் ஒரு பக்கம், சுடச்சுட மூடிக் கொண்டுவந்த உணவுப் பாத்திரங்கள் ஒரு பக்கம் என்று வீடு நிரம்பியது. வந்தவர்கள் எல்லோரும் சிரித்த முகமாக வந்து, உரக்கப் பேசி, வானிலை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெளியே ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது.

பாஸ்டர் வந்துபோன அன்றே ரெய்னோவுக்குப் புரிந்துவிட்டது. எத்தனை வீட்டுக்கு அவரே இரவல் கேட்கப் போனவர். ஆனால் புரிந்து என்ன செய்வது? எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லலாம். அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எவன் எனக்கு ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்கிறானோ அவனுடைய துப்பாக்கியைத்தான் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று ஊரில் விதி. அந்த விதியை உரக்கச் சொல்லி நிலைநாட்டியவர்களில் ரெய்னோ முக்கியமானவர். தான் பின்னிய வலையில் தானே கிடந்தார். மார்லீன் நேரே போய்த் துப்பாக்கியைத் திருப்பிக் கேட்கிறேன் என்று கிளம்பினாள். வேண்டாம், இப்போது போனால் அழுத கண்ணோடு மனைவியை அனுப்பினான் என்பார்கள் என்று தடுத்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஐலியின் ஜன்னலில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. நவம்பர் மூன்றாம் தேதிக் காலைக்குப் பிறகு ரெய்னோ நிலைக்காலுக்கு வரவேயில்லை. கரண்டி இல்லை, சீப்பு இல்லை. பகல் பூராவும் சமையலறை நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதல் நாள் அரைமணி. அடுத்த நாள் ஒரு மணி. ஏழாம் தேதி ஒன்றரை மணி நேரம் கண் இமைத்தாரோ என்னவோ. மடியில் குறுக்கே ஒரு துடைப்பக்கட்டை.

ஐலி பைனாகுலரை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லெஸ்டரிடம் சொன்னாள்: "சொறியக்கூட மனசில்லாமப் போச்சு அந்த மனுஷனுக்கு. செலை மாதிரி ஒக்காந்திருக்கான். துடைப்பக்கட்டையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு."

லெஸ்டர் ரொம்ப நேரம் கழித்து, "துடைப்பக்கட்டையா?" என்றார். எழுந்துபோய் முற்றத்தில் நின்ற பிக்கப் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதின்மூன்றாம் தேதி வியாழன். இரண்டு நாளில் வேட்டை. ஐலி ஏலக்காய் மணக்க நிசு ரொட்டி சுட்டு, சிரித்த முகத்தை வாசலிலேயே மாட்டிக்கொண்டு ஹார்யு வீட்டுக்குள் போனாள். ரெய்னோ அதே நாற்காலியில். மார்லீன் அடுப்பருகில். மேஜைமேல் காலியான தட்டில் பாஸ்டியின் ஓரத் துணுக்குகள். வானிலை நன்றாயிருக்கிறது என்று ஐலி தொடங்குவதற்குள் ரெய்னோ கையைத் தூக்கினார்.

"ஐலி, இந்த ஊர்ல யாரும் வாயால சொல்றதில்ல. நான் சொல்லிடறேன். எனக்கு சோகம் கெடையாது. அரிப்பு. அரிப்பு மட்டுந்தான் இருந்துச்சு."

"லெஸ்டரும் இதையேதான் சொன்னான்," என்றாள் ஐலி. "எனக்கு ஒண்ணுமில்ல, தூக்கந்தான் வரலன்னான். நீ அப்ப துப்பாக்கியத் திருப்பிக் குடுத்தியா?"

மார்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தக் குளிர்காலத்தைப் பற்றி இரண்டு வீட்டிலும் இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஐலி நிசு ரொட்டியைக் காலித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வம்பு பேசுகிறவள்தான், பைனாகுலர்காரிதான். ஆனால் அவள் பயம் பொய்யான பயம் இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து டெனிஸின் சின்னக் கார் வந்து நின்றது. அவள் பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்ததும் ரெய்னோ, "டெனிஸ், இவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடு. எதையும் மறைக்க வேண்டாம்," என்றார். "இவகிட்ட சொன்னா ரேடியோல சொன்ன மாதிரி. தனித்தனியா யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்ல."

நோயாளி வாய்விட்டுச் சொன்ன பிறகும் டெனிஸ், சொல்லலாமா என்று இன்னொரு தடவை அவரிடம் கேட்டுக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த அரிப்பு தோலில் பிறப்பதில்லை என்றாள். பித்தம் இரத்தத்தில் தேங்கினால் நரம்பும் மூளையும் சேர்ந்து அரிப்பு அரிப்பு என்று கத்தும். தோலில் எத்தனை களிம்பு பூசினாலும் கத்துகிறவன் மாடியில் இருக்கிறான். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் அந்த மாடிவரைக்கும் போகும். எல்லோருக்கும் கேட்கும் என்று உத்தரவாதம் இல்லை. சிலருக்குக் கேட்கும். டாக்டரிடம் போனில் பேசி, ஈரல் கெட்டவர் என்பதால் மிகச் சின்ன அளவில், ராத்திரிக்கு ஒன்று என்று தொடங்கியது. இந்த மாத்திரை தூக்கமும் தரும், பசியும் எடுக்கவைக்கும், அதற்காகவும்தான் இதைத் தேர்ந்தெடுத்தது.

ஐலி நம்பவில்லை. தாளில் அப்படி எழுதவில்லையே என்றாள்.

"தாள்ல அதோட முதல் வேலைய மட்டுந்தான் போட்டிருப்பாங்க ஐலி. அரிப்புக்குத் தர்றதை அவங்க அச்சடிக்கல. எச்சரிக்கைய நீங்க படிச்சதும் நல்லதுதான். மொத வாரமே அதையும் இவர்கிட்ட ஒளிவுமறைவில்லாமக் கேட்டுட்டேன். இன்னிக்கும் கேப்பேன்."

"என்ன பதில் சொன்னான்?"

"பதினஞ்சாந் தேதி வேலை இருக்கு, அதுக்கு முன்னாடி எங்கயும் போறதா இல்லன்னாரு."

ஐலி இன்னும் பிடி கொடுக்கவில்லை. அப்போது டெனிஸ் தன் நோட்டைத் திறந்து வேறு மாதிரி கேட்டாள். "நீங்க ஜன்னல்லேந்து பாத்துட்டுத்தான இருக்கீங்க. வெக்கப்படாதீங்க, ஊருக்கே தெரியும். இவர் அந்த நெலைக்கால்ல கடைசியா எப்ப ஒரசினாரு?"

"மூணாந் தேதி. காலைல ஏழு இருபதுக்கு," என்றாள் ஐலி. சொன்ன பிறகுதான் வெட்கம் வந்தது.

"அதுக்கு முன்னாடி?"

"ரெண்டாந் தேதி நாலு தடவ. ஒண்ணாந் தேதி ஒம்பது. அக்டோபர்ல நான் எண்றதையே விட்டுட்டேன்."

டெனிஸ் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். தன் இருபது வருட வேலையில் இவ்வளவு துல்லியமாக எந்த வீட்டிலும் யாரும் கணக்கு வைத்ததில்லை என்றாள். அதில் கிண்டல் இல்லை என்பதுதான் ஐலியை இன்னும் சங்கடப்படுத்தியது. மார்லீன் வந்து கணவரின் சட்டைக்கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பொருக்கெல்லாம் உதிர்ந்து புதுத்தோல் வந்திருந்தது. மஞ்சள் நிறத் தோல்தான், ஆனால் முழுசாக இருந்தது. மாத்திரை தொடங்கிய நான்காம் ராத்திரி அவர் ஏழு மணி நேரம் தூங்கினார் என்றாள் மார்லீன். மூச்சு இருக்கிறதா என்று இரண்டு தடவை கண்ணாடி பிடித்துப் பார்த்தாளாம்.

"அப்ப அந்தத் துடைப்பக்கட்டை?" என்றாள் ஐலி.

"ஒத்திகை," என்றார் ரெய்னோ. "நேத்து ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம். ஒன் வீட்டு ஜன்னலத்தான் குறி வச்சுப் பாத்துட்டிருந்தேன். மான் நல்லாத்தான் அசைஞ்சுது, அப்பப்ப கண்ணாடியத் தொடச்சுது."

முதலில் சிரித்தது மார்லீன். அடுத்தது டெனிஸ். ஐலிக்குக் காதுமடல் சிவந்து, அது கழுத்துக்கு இறங்கி, கடைசியில் அவளும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் டெனிஸ் மறுபடி நர்ஸாக மாறினாள். இரவு மாத்திரையை ஏழு மணிக்கே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் விடிகாலையில் தலை கிறங்கும். கிறக்கம் இருந்தால் துப்பாக்கியைத் தொடக்கூடாது. பரணில் லெஸ்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், சுடுவதற்குமுன் அவர் தலையாட்ட வேண்டும். மற்றபடி அவளுக்கு ஆட்சேபம் இல்லை.

ஐலி வீட்டுக்கு ஓடினாள். எழுபத்தொரு வயதில் அதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். மூச்சு வாங்க லெஸ்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, ரெய்னோவின் துப்பாக்கியை எங்கே பூட்டி வைத்தாய் என்று கேட்டாள். லெஸ்டர் அவளைப் பிக்கப் வண்டிக்குக் கூட்டிப்போனார். இருக்கைக்குப் பின்னால் கம்பளியில் சுற்றி, எண்ணெய் போட்டுத் துடைத்து, போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளியிலிருந்து அங்கேயே இருந்தது. வீட்டுக்குள் கொண்டு வரவேயில்லை.

"ஏன்?" என்றாள்.

"உள்ள வச்சா வசந்தம் வரைக்கும்னு ஆயிடும்," என்றார் லெஸ்டர்.

மிச்சத்தை ஐலி டெலிபோனில் முடித்தாள். வந்த செய்தியைப் பரப்பப் பத்து நிமிடம் போதும், பரப்பியதைத் திரும்ப அள்ள ஒரு பகல் முழுக்க வேண்டியிருந்தது. பதினான்கு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து, பித்தம், நரம்பு, மாடியில் கத்துகிறவன் என்று விளக்கினாள். நான்காவது வீட்டுக்குள் அவளே டாக்டராகிவிட்டிருந்தாள். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்பதையும் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். அது மட்டும் பதினான்கு தடவையும் கஷ்டமாகவே இருந்தது. பாஸ்டர் இரண்டாவது துப்பாக்கியைக் கொண்டுவந்து, பெரிய பாரம் இறங்கியது, அது அலமாரியில் இருந்ததால் தனக்குப் பத்து நாளாகத் தூக்கமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மீன் கத்தி பாலிஷ் போட்டுத் திரும்பியது. சிறுநீரகம் போய் வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் படுக்கும் எல்வுட் மட்டும் மறுமுனையில் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, அந்த மாத்திரையின் பேர் என்ன என்று கேட்டார். அரிக்கும் தன் காலை மூன்று வருடமாகத் தகர டப்பாவின் விளிம்பால் தேய்த்துக்கொள்வதாக முதல்முறையாக வெளியில் சொன்னார். ஐலியின் நாக்கு நுனியில் பெயர் இருந்தது. வாழ்க்கையில் தெரிந்த ஒன்றை அவள் விழுங்கியது அன்றுதான்.

"ஒன்னோட சீக்கு வேற, அவனோடது வேற. நாளைக்கு அங்க போறப்ப டாக்டர்கிட்ட கேளு. வெக்கப்படாமக் கேளு. கேட்டியான்னு நான் போன் பண்ணுவேன்."

அவள் போன் பண்ணுவாள் என்பதில் எல்வுட்டுக்குச் சந்தேகம் இல்லை.

பதினைந்தாம் தேதி. வானம் வெளுப்பதற்கு முன்னாலேயே லெஸ்டர் போய் ரெய்னோவைப் பனியில் ஓடும் சின்ன வண்டியில் ஏற்றி வயல் கோடிக்குக் கொண்டுபோய்ப் பரணில் ஏற்றிவிட்டார். நாலு படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு ஓய்வு. கிளம்பும்போது மார்லீன், மற்ற வேட்டைக்காரர் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியவென்று போடும் ஆரஞ்சு சட்டையை மாட்டிவிட, எனக்கு எதுக்கு, என் நிறமே ஒரு மைலுக்குத் தெரியுமே என்றாராம். மார்லீனால் தன் வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. ஏழு மணிக்கு ஐலியின் சமையலறைக்கு வந்துவிட்டாள். மாடி அறை ஜன்னலிலிருந்து பரண் நன்றாகத் தெரியும் என்று ஐலி சொன்னாள். அந்த ஜன்னலும் அவளுக்குப் பழக்கம்தான்.

இரண்டு பெண்களுக்கும் ஒரே பைனாகுலர். வெளிச்சம் வர வர, தேவதாரு விளிம்பில் இரண்டு ஆரஞ்சுப் பொட்டுகள் தெரிந்தன. பெரியது லெஸ்டர். சின்னது ரெய்னோ. பெரிய பொட்டு அவ்வப்போது மூக்கைத் துடைத்தது, காலை மாற்றிப் போட்டது. சின்னப் பொட்டு வைத்தது வைத்தபடி இருந்தது.

அரைமணி ஆயிற்று. அக்டோபரின் பதினோரு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. ஒரு மணி ஆயிற்று. தூரத்துக் காடுகளில் மற்றவர்களின் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மார்லீன் காப்பியை ஊற்றினாள், குடிக்க மறந்தாள். எட்டு நாற்பதுக்கு ஐலி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கையத் தூக்குறான்."

"எங்க? எங்கடி? குடு இப்படி."

"கழுத்துக்குப் போவுது. கழுத்துக்குப் போவுது, மார்லீன்."

மார்லீன் பிடுங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கை கழுத்தருகே போய், காதுக்கு ஏறி, தொப்பியின் மடிப்பைக் கீழே இறக்கிவிட்டு, திரும்ப மடிக்கு வந்தது. குளிர். வெறும் குளிர். ஐலி அதைச் சொன்னதும் மார்லீன் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து, மூன்று மாதமாக அவள் அழாத அழுகையைக் கொஞ்சம் அழுதாள்.

ஒன்பது முப்பத்தைந்துக்குத் தேவதாரு இருட்டிலிருந்து கலைமான் வெளியே வந்தது. முதலில் கொம்பு, எட்டுக் கிளை. அப்புறம் கழுத்து. அது ஒரு அடி வைத்தது, நின்றது, பரணை நேராகப் பார்த்தது. ஐலி இந்த வீட்டிலிருந்தே மூச்சை அடக்கினாள். மான் பரணைப் பார்த்தது, பரண் மானைப் பார்த்தது. பெரிய பொட்டுகூட மூக்கைத் துடைக்கவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மேலிருந்து கீழ்வரை அரிக்க வேண்டிய மனிதர் அங்கே பாறை மாதிரி இருந்தார். மானுக்குச் சலித்துவிட்டது. தலையைக் குனிந்து பனியை முகர்ந்தது.

பெரிய பொட்டின் தலை ஒரு தடவை கீழே போய் மேலே வந்தது.

ஒரே ஒரு வெடி. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒரு வெடி என்றால் இறைச்சி, இரண்டு வெடி என்றால் இருக்கலாம், மூன்று வெடி என்றால் காற்று. சத்தம் வயலைத் தாண்டி வந்து ஜன்னல் கண்ணாடியை லேசாக அதிரவைத்தது. மான் நின்ற இடத்திலேயே மடிந்தது. பிறகு பரணில் இரண்டு ஆரஞ்சுப் பொட்டுகளும் ஒன்றாகிவிட்டன. லெஸ்டர் யாரையும் கட்டிப்பிடித்து ஐலி பார்த்ததில்லை. அந்த இடத்தில் மட்டும் அவள் பைனாகுலரைத் தானாகவே இறக்கினாள்.

"என்னடி? என்ன ஆச்சு?" என்றாள் மார்லீன்.

"ரெண்டு மணி நேரம் பதினஞ்சு நிமிஷம்," என்றாள் ஐலி. "ஒரு தடவகூட சொறியல."

மத்தியானத்துக்குள் மான் ஹார்யு வீட்டு முன்மரத்தில் தொங்கியது, சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி. அதற்காகத்தான் முன்மரம். வண்டிகள் வேகம் குறைத்தன, ஹாரன் அடித்தன. கண்ணாடியை இறக்கி, கொம்பை எண்ணிவிட்டு, பிறகுதான் மரத்தடி நாற்காலியில் கம்பளி போர்த்தியிருந்த மஞ்சள் மனிதரைப் பார்த்தார்கள். கொஞ்சம் வெட்கத்தோடுதான் பார்த்தார்கள். ரெய்னோ ஒவ்வொருவருக்கும் கையை அசைத்தார். எந்த வண்டியில் மீன் கத்திக்காரர் இருந்தாரோ அந்த வண்டியைப் பார்த்து, தோலுரிக்க வர்றியா, கத்தி உன்கிட்டதான் பழகியிருக்கு என்று கூவினார்.

ஐலி கடைசியாகப் போனாள். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது அருகில் போனதும் மறந்துவிட்டது. ரெய்னோதான் பேசினார்.

"அடுத்த தடவ எவனாவது சோர்ந்துபோனான்னு நெனச்சா நீ மறுபடியும் இதையேதான் பண்ணுவ, இல்ல?"

"பண்ணுவேன்," என்றாள் ஐலி.

"பண்ணு," என்றார் ரெய்னோ. "ஆனா மீன் கத்தி வேண்டாம். அது அசிங்கம்."

நாலு மணிக்கு ஐலி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அன்று சனிக்கிழமை. டெனிஸ் அன்று வரவேண்டிய நாள் இல்லை, ஆனாலும் அவள் கார் எதிர்வீட்டு வாசலில் நின்றது. சவ்னாவின் கீழ்ப்படியில், மிதமான சூட்டில், பத்தே நிமிடம், மார்லீனும் கூட இருக்க வேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொன்னதாக ஐலிக்குப் பிறகு தெரியவந்தது. அப்போது ஜன்னலில் தெரிந்தது இவ்வளவுதான்: ஹார்யு வீட்டுச் சவ்னாவின் புகைபோக்கியிலிருந்து, ஆகஸ்டுக்குப் பிறகு முதல்முறையாக, பிர்ச் விறகின் வெள்ளைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்து, ஆவி பறக்க, துண்டு கட்டிய ஒரு மஞ்சள் கிழவர் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நடந்தார். பளபளக்கும் நிலைக்காலைத் தாண்டும்போது நின்றார். முதுகைக் கொடுக்கவில்லை. பழைய சிநேகிதனைத் தட்டுவது மாதிரி அதைக் கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

ஐலி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு டெலிபோனை எடுத்தாள்.